ஸ்பேனரோடு கடையையும் பார்த்து வாங்குங்கள்

பட்டறைக்குப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் சரி, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் மைவி காரை ஜாக்கி போட்டுத் தூக்கி பிரேக் பேட் மாற்றும் நண்பர்களும் சரி, என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, எந்த பிராண்ட் நல்லது?" கேள்வியில் தப்பில்லை, பாதிதான் கேட்கிறார்கள். உடைந்தால் யாரிடம் போய் நிற்பது என்பது மீதிப் பாதி. பெட்டி மேல் லைஃப்டைம் வாரண்டி என்று தங்க எழுத்தில் அச்சடிக்க கம்பெனிக்கு ஐந்து சென்கூட ஆகாது. அதை மாற்றிக் கொடுக்க கோலாலம்பூரில் ஒருவர் கடை திறந்து உட்கார்ந்திருக்க வேண்டும், அடுத்த வருஷமும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். நான் டூல் வாங்குவது இந்தக் கணக்கில்தான். இதைச் சொன்னால் "அப்போ பிராண்ட் முக்கியம் இல்லையா?" என்கிறார்கள். முக்கியம்தான், ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

எங்கள் பட்டறை செந்தூல் பக்கம். வருவது பெரும்பாலும் புரோட்டான், பெரோடுவா, டொயோட்டா, ஹோண்டா, எப்போதாவது ஒரு பிஎம்டபிள்யூ, ஒரு வோக்ஸ்வேகன். லாரி, புல்டோசர் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது பொருந்தாது. 1985இல் வந்த முதல் புரோட்டான் சாகா மிட்சுபிஷியிடமிருந்து எடுத்தது, பெரோடுவா வண்டிகளுக்குப் பின்னால் டைஹாட்சு, ஆகவே நம் ஊர் வண்டிகளில் போல்ட் தலைகள் ஜப்பான் அளவு: 10, 12, 14, 17 மில்லிமீட்டர். தண்டு 8 மில்லிமீட்டர் உள்ள போல்ட்டுக்கு ஜப்பான்காரர்கள் 12 தலை வைப்பார்கள், ஜெர்மன்காரர்கள் அதே போல்ட்டுக்கு 13 வைப்பார்கள். இது தெரிந்துவிட்டால் அந்த நூற்றுச் சொச்சம் பீஸ் செட்டைப் பார்த்து மயங்க மாட்டீர்கள். எண்ணிக்கையை ஏற்றிக் காட்டுவது குட்டிக் குட்டி பிட்டுகள், அப்புறம் நமக்குத் தேவையே இல்லாத அளவுகளில், போல்ட் தலையில் தொப்பி மாதிரி மாட்டுகிற சாக்கெட்டுகள். தினமும் கையில் எடுக்கிற 10க்கும் 12க்கும் ஒவ்வொன்றுதான் இருக்கும், அந்த 10 எப்படியும் ஒரு நாள் எஞ்சினுக்குள் எங்கோ விழுந்து காணாமல் போகும். அதற்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி கொடுக்காது.

காசை எங்கே போடுவது என்று கேட்டால், போல்ட் தலையைத் தொடுகிற இடத்தில் போடுங்கள். சாக்கெட்டின் உள்வாய், ஸ்பேனரின் தாடை, திருப்புளியின் நுனி. மற்றதெல்லாம் பிடி, நீளம், பளபளப்பு. மலிவான சாக்கெட் போல்ட்டின் ஆறு மூலைகளையும் மூலையிலேயே அழுத்தும், கொஞ்சம் துருப்பிடித்த போல்ட் என்றால் மூலை மழுங்கி வழுக்கிவிடும், அதற்கப்புறம் வைஸ் கிரிப், உளி, வெல்டிங் என்று அரை மணி நேர வேலை அரை நாளாகும். நல்ல சாக்கெட்டின் உள்சுவரில் மூலைக்குக் கொஞ்சம் தள்ளி, தட்டையான பக்கத்தில் அழுத்தும்படி வளைவு கொடுத்திருப்பார்கள். அமெரிக்காவின் ஸ்னாப்-ஆன் கம்பெனி 1960களில் ஃபிளாங்க் டிரைவ் என்று காப்புரிமை வாங்கியது இதைத்தான். அந்தக் காப்புரிமை காலாவதியாகி எத்தனையோ வருஷமாகிவிட்டது, இப்போது தைவானில் செய்கிற சுமாரான விலை சாக்கெட்டிலும் ஏறக்குறைய அதே வளைவு இருக்கிறது. அதனால்தான் நல்ல சாக்கெட் என்றாலே பணக்காரர் சமாச்சாரம் என்ற பேச்சு இன்றைக்குச் செல்லாது. அதோடு, வீட்டில் வேலை செய்பவர்கள் பன்னிரண்டு முனை சாக்கெட்டை விட்டுவிட்டு ஆறு முனையே வாங்குங்கள், துருப்பிடித்த போல்ட்டில் அதுதான் வழுக்காமல் நிற்கும்.

சாக்கெட் மேல் குரோம் வனேடியம் என்று பொறித்திருப்பதைக் காட்டி "பாருங்க அண்ணே, ஒரிஜினல்" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது எஃகின் பெயர், அவ்வளவுதான். அந்த எஃகை எப்படிச் சூடேற்றி எப்படிக் குளிர வைத்தார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, அதை யாரும் பொறிப்பதில்லை. அதிகக் கடினமாக விட்டால் கண்ணாடி மாதிரி தெறிக்கும், மென்மையாக விட்டால் வாய் விரிந்துவிடும். ஜெர்மன் ஸ்பேனரில் டிஐஎன் 3113 என்று போட்டிருந்தால் அதற்காவது ஓர் அர்த்தம் உண்டு, அளவும் தாங்க வேண்டிய முறுக்கும் இவ்வளவு என்று எழுதி வைத்த தரம் அது. அடித்து அடித்துத் திருகுகிற இம்பேக்ட் கன்னில் பளபளக்கும் குரோம் சாக்கெட்டைப் போடாதீர்கள். அதற்கென்று கறுப்பு நிறத்தில் குரோம் மாலிப்டினம் சாக்கெட் விற்கிறார்கள், சுவர் தடிமனாக, அடி தாங்குகிற மாதிரி. குரோம் சாக்கெட் கன்னில் உடைந்து வந்தால் எந்த டவுக்கேயும், அதாவது கடை முதலாளியும், பார்த்த உடனே கண்டுபிடித்துவிடுவார், வாரண்டி கேட்கப் போனவர் முகம்தான் சிவக்கும்.

சரி, பிராண்டுகள். ஜெர்மனியில் வுப்பர்டாலும் ரெம்ஷைடும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஸ்டால்வில்லே, நிப்பெக்ஸ், வேரா மூன்றும் வுப்பர்டால். ஹாஸெட், கெடோரே இரண்டும் ரெம்ஷைட். ஸ்டால்வில்லே 1862இல் தொடங்கியது, ஹாஸெட் 1868, நிப்பெக்ஸ் 1882. நம் ஊரில் ஈய லம்பங்களே சரியாகத் தொடங்காத காலத்திலிருந்து அவர்கள் இரும்பு அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்ல ஆசை, ஆனால் 1862இல் இங்கே ஈயம் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எப்படியோ, குறடு என்றால் எனக்கு நிப்பெக்ஸ்தான், இதில் வாதாடவே வேண்டாம். கோப்ரா வாட்டர் பம்ப் பிளேயர் ஒன்றும், தாடை இரண்டும் இணையாகவே நகர்கிற பிளேயர் ரெஞ்ச் ஒன்றும் இருந்தால் அட்ஜஸ்டபிள் ஸ்பேனரை மறந்துவிடலாம். விலையைக் கேட்டால் நெஞ்சு வலிக்கும், வாங்கி ஒரு வாரத்தில் வலி போய்விடும்.

ஜப்பானில் கோக்கென் என்று ஒரு கம்பெனி, 1946இலிருந்து ஷிசுவோகாவில் சாக்கெட்டும், அதை மாட்டி முன்னும் பின்னும் ஆட்டியே திருகுகிற ராட்செட் பிடியும்தான் அவர்கள் உலகம். அவர்களுடைய ஸீல் வரிசை சாக்கெட்டுகள் குட்டையாக, சுவர் மெல்லியதாக இருக்கும், மைவி எஞ்சினுக்கும் அதன் பின்சுவரான ஃபயர்வாலுக்கும் நடுவே கை நுழையாத இடத்தில் அந்த இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் வேலையை முடிக்கும். கியோத்தோவின் கேடிசி 1950இல் வந்தது, நெப்ரோஸ் அவர்களுடைய உயர்ந்த வரிசை. நெப்ரோஸ் ராட்செட்டில் 90 பல், அதாவது 4 டிகிரி அசைந்தாலே அடுத்த பல் பிடிக்கும். ராட்செட் வாங்கும்போது இந்தக் கணக்கைக் கேளுங்கள்: 24 பல் என்றால் 15 டிகிரி ஆட வேண்டும், 36 என்றால் 10, 72 என்றால் 5. திறந்த இடத்தில் இதெல்லாம் ஒன்றுமே இல்லை, பழைய 24 பல் ராட்செட் மாடு மாதிரி உழைக்கும். இண்டு இடுக்கில்தான் 72 இல்லாமல் முடியாது.

தைவானில் தாய்ச்சுங் நகரைச் சுற்றித்தான் டூல் தொழில் குவிந்திருக்கிறது. கிங் டோனி, டாப்டூல் எல்லாம் அங்கிருந்து வருபவை. அமெரிக்கப் பெயர், ஐரோப்பியப் பெயர் போட்டு விற்கிற எத்தனையோ டூல்களும் அங்கே செய்தவைதான், ஸ்னாப்-ஆன் கம்பெனியின் மலிவு வரிசையான புளூ-பாயிண்ட்டிலும் மேட் இன் தைவான் என்று பார்க்கலாம். கோலாலம்பூர் பட்டறைகளில் டிராயரைத் திறந்து பாருங்கள், தைவான் டூல் இல்லாத டிராயர் கிடைப்பது கஷ்டம். விலை நியாயம், தரம் நம்பலாம், முக்கியமாக ஜாலான் ஈப்போவிலும் ஜாலான் பாசாரிலும் வைத்து விற்க ஆள் இருக்கிறார்கள். என் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது.

அமெரிக்காவைப் பற்றிச் சொன்னால்தான் இது முழுசாகப் புரியும். லைஃப்டைம் வாரண்டி என்ற நினைப்பையே உலகத்துக்குப் பரப்பியது அவர்கள். அங்கே ஸ்னாப்-ஆன் வேன் வாரா வாரம் பட்டறைக்கே வரும், உடைந்ததைக் கொடுத்தால் வேனுக்குள்ளிருந்தே புதுசு. அந்த விலையில் ஒரு பங்கு வேனுக்கும் ஓட்டுபவருக்கும் போகிறது, அங்கே இருப்பவருக்கு அது சரியான வியாபாரம். என் பட்டறை வாசலுக்கு அப்படி எந்த வேனும் வந்ததில்லை. கிராஃப்ட்ஸ்மேன் கதை இன்னும் தெளிவு. 1927இலிருந்து அது சியர்ஸ் கடையின் பெயர், உடைந்த ராட்செட்டைக் கொண்டுபோனால் ரசீது கேட்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், ஊருக்கு ஒரு சியர்ஸ் இருந்ததால் அது நடந்தது. சியர்ஸ் நொடித்து 2017இல் அந்தப் பெயரை ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்கு விற்றது, 2018இல் திவால் மனு போட்டது. புதிய முதலாளி வாரண்டியைத் தொடர்கிறார், ஆனால் பக்கத்துத் தெருக் கடைக்குள் நடந்துபோய் மாற்றிக்கொண்டு வருகிற அந்தச் சௌகரியம் பல ஊர்களில் கடையோடு போய்விட்டது. ஃபாகோம், மேக் டூல்ஸ், புரோட்டோ எல்லாமும் இப்போது அதே ஸ்டான்லி வீட்டுப் பிள்ளைகள்தான், பாஹ்கோ ஸ்னாப்-ஆன் வீட்டுப் பிள்ளை. பெயருக்காகச் சண்டை போடுபவர்கள் இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

இனி என் அனுபவம். பெயர்கள் வேண்டாம், பெயர் இல்லாமலே விஷயம் புரியும்.

தைவான் ராட்செட் ஒன்று, 1/2 டிரைவ் (சாக்கெட் மாட்டுகிற சதுர முனை அரை அங்குலம்), 72 பல். சஸ்பென்ஷன் வேலையிலேயே வருஷக்கணக்கில் அடி வாங்கி ஒரு நாள் வழுக்க ஆரம்பித்தது. ஜாலான் ஈப்போவில் வாங்கிய கடைக்கே எடுத்துப்போனேன். டவுக்கே கையில் வாங்கி இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார், "மச்சா, உள்ளே பல்லு போச்சு" என்றார் பாதி மலாயிலும் பாதி தமிழிலும், டிராயரைத் திறந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பையை எடுத்தார், தலையைக் கழற்றி பல்சக்கரம், பால், ஸ்பிரிங் எல்லாம் மாற்றி கிரீஸ் தடவிக் கையில் கொடுத்தார். ரசீது கேட்கவில்லை, நான் யார் என்று அவருக்குத் தெரியும். காசும் கேட்கவில்லை. வாரண்டி அட்டையில் இந்த ரிப்பேர் கிட் பற்றி ஒரு வரிகூட இல்லை, அவர் டிராயரில் அதை வாங்கி வைத்திருந்ததுதான் வாரண்டி.

மச்சினன் வெளிநாட்டு இணையக் கடையில் தள்ளுபடியில் வாங்கிக்கொடுத்த அமெரிக்க ராட்செட்டுக்கு நடந்தது வேறு. தலை வளைகிற வகை, கையில் பிடித்தாலே ஒரு சுகம். கழுத்துப் பகுதியில் விரிசல் விட்டது. இங்கே இருக்கிற டீலரிடம் போனால் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் "இது நாங்கள் கொண்டுவந்த சரக்கு இல்லை பாஸ், வாங்கிய கடைக்கே அனுப்புங்கள்" என்றார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தால் அதிலும் நியாயம் இருக்கிறது, விற்று லாபம் பார்த்தவர் எங்கோ, சுமக்கச் சொல்வது இவரை. பார்சல் கட்டணத்தை விசாரித்தேன். அந்தக் காசுக்கு ஜாலான் பாசாரில் நல்ல ராட்செட் ஒன்று வரும். இப்போது அது மேசை மேல் பில் பறக்காமல் இருக்கக் கிடக்கிறது, மிக விலை உயர்ந்த பேப்பர் வெயிட்.

மூன்றாவது, ஜெர்மன் ஸ்பேனர், 17 நம்பர், வாய் கொஞ்சம் விரிந்துவிட்டது. விநியோகஸ்தர் எல்லாப் பக்கமும் படம் கேட்டார், ரசீது கேட்டார், என்ன வேலையில் போனது என்று எழுதித் தரச் சொன்னார். குறை சொல்ல ஒன்றுமில்லை, கடைசியில் புதுசே வந்தது, ஆனால் கையில் ஸ்டாக் இல்லாமல் வெளியிலிருந்து வரவழைத்ததால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. காத்திருக்கிற வாடிக்கையாளர் வண்டிக்கு இது புரியுமா? அன்று மாலையே ஹார்ட்வேர் கடையில் ஒரு சாதாரண 17 வாங்கி வேலையை முடித்தேன். வீட்டில் பொழுதுபோக்காகச் செய்பவருக்கு மாற்றிக் கொடுக்கிறார்களா என்பது போதும். பட்டறைக்காரருக்கு எப்போது மாற்றிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஷாப்பியிலும் லாசாடாவிலும் லைஃப்டைம் வாரண்டி என்று போட்டு விற்கிற பெயர் தெரியாத கடைகளைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். உடைந்த பிறகு தேடினால் கடையே இருக்காது. பெரிய டிஐஒய் கடைகளில் ரசீதோடு சில நாளுக்குள் போனால் மாற்றலாம், அதற்கப்புறம் அது உங்கள் இரும்பு. நான் அங்கேயும் வாங்குகிறேன்: சுத்தியல், காந்தக் குச்சி, எண்ணெய்த் தட்டு, ஒரு வேலைக்காக வளைத்து வெட்டிக் கெடுக்கப்போகிற ஸ்பேனர். பதினைந்து வெள்ளி சாமானுக்கு வாரண்டி கேட்டு ஜாலான் பாசார் வரை வண்டி ஓட்டி, பார்க்கிங் தேடி, சம்மன் பயத்தோடு திரும்புவதைவிட இன்னொன்று வாங்குவது லாபம்.

வாரண்டி எதற்கெல்லாம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், பாதிச் சண்டை இதில்தான். ஸ்பேனரில் பைப் செருகித் திருகினால் கிடையாது, சுத்தியலால் அடித்த தழும்பு இருந்தால் கிடையாது, கிரைண்டர் வைத்திருந்தால் கிடையாது. நுனி தேய்ந்த திருப்புளி, பிட்டு, வெட்டுகிற குறட்டின் கூர் இவையெல்லாம் தேய்மானக் கணக்கு, மாற்றிக் கொடுத்தால் கடைக்காரர் நல்லவர் என்று அர்த்தம். உடைந்த முகத்தைப் பார்த்தே பழகியவர்கள் சொல்லிவிடுவார்கள்: உள்ளே பழைய துருவோடு ஒரு கோடு இருந்தால் முன்பே இருந்த விரிசல், பளிச்சென்று ஒரே நிறமாக, பக்கத்தில் வளைந்தும் இருந்தால் யாரோ பைப் போட்டிருக்கிறார். குரோம் முலாம் உரிவதை மட்டும் பொறுக்காதீர்கள், சின்ன விஷயம் என்று கடைக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். உரிந்த முலாம் பிளேடு, உள்ளங்கையைக் கிழிக்கும்.

குறித்து வைத்த முறுக்கு வந்ததும் கிளிக் என்று சொல்கிற டார்க் ரெஞ்ச் தனி ஜாதி. அநேகமாக எல்லா பிராண்டிலும் அதற்கு லைஃப்டைம் கிடையாது, ஒரு வருஷமோ ஏதோ ஒரு கெடுவோதான். ஐஎஸ்ஓ 6789 தரப்படி 5,000 தடவை கிளிக் ஆனாலோ 12 மாதம் ஆனாலோ சரிபார்க்க வேண்டும், 10 நியூட்டன் மீட்டருக்கு மேற்பட்ட ரெஞ்சில் 4 விழுக்காடு வரை பிழை இருக்கலாம். பெரும்பாலான டொயோட்டா கார்களின் வீல் நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர், ஹோண்டாவுக்கு 108 என்று கையேடு சொல்கிறது. சாலையோர டயர் கடையில் கன் வைத்து "டர்ர்" என்று இறுக்குவது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, அதைக் கழற்ற வருபவர்களுக்குத்தான் தெரியும். வேலை முடிந்ததும் ஸ்பிரிங்கை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கி வையுங்கள். ஆகவே டார்க் ரெஞ்ச் வாங்கும்போது வாரண்டியைக் கேட்காதீர்கள், எங்கே காலிபிரேட் செய்து தருவார்கள் என்று கேளுங்கள்.

காப்சாய் என்கிற சின்ன மோட்டார் சைக்கிள் பார்க்கிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. ஹோண்டா, யமாஹா பழைய வண்டிகளின் கார்புரேட்டரிலும் கவரிலும் இருக்கிற கூட்டல் குறி ஸ்க்ரூ பிலிப்ஸ் போலத் தெரியும், ஆனால் ஜப்பான் ஜேஐஎஸ் வகை. பிலிப்ஸ் திருப்புளி அதில் முழுசாக உட்காராது, அழுத்தினால் மேலே ஏறி வந்து தலையைத் தின்றுவிடும். ஒசாகாவில் 1916இலிருந்து இருக்கிற வெஸெல் கம்பெனியின் திருப்புளி அதில் அச்சாக உட்காரும். சுத்தியலால் தட்டினால் நுனி கொஞ்சம் திரும்பிக் கொடுக்கிற இம்பேக்டா என்று ஒன்றும் செய்கிறார்கள், பிடிவாதமான ஸ்க்ரூவுக்கு அது மருந்து. விலையும் ஜெர்மன் திருப்புளி அளவுக்குப் போகாது.

பழைய டூல் வாங்கலாமா என்றால், தாராளமாக. பினாங்கு போனால் லோரோங் கூலிட் சந்தையில் காலையிலேயே ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன், துருப்பிடித்த குவியலுக்குள் கையை விட்டால் சில நாள் கேடிசி, டோன் என்று ஜப்பான் பெயர்கள் சிக்கும். செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இன்னும் இங்கிலாந்தின் பழைய அங்குல அளவான விட்வொர்த் ஸ்பேனர்கள் கிடக்கின்றன. அதில் எழுதியிருக்கிற அளவு போல்ட்டின் தண்டுக்கு உரியது, தலைக்கு இல்லை, நம் வண்டி எதிலும் சேராது. ஆனால் அந்த எஃகு! பழையதுக்கு வாரண்டி இல்லை, அதனால் ராட்செட் வேண்டாம், ஸ்பேனரும் சாக்கெட்டும் மட்டும் வாங்குங்கள், வாய் விரிந்திருக்கிறதா என்று புதிய போல்ட் ஒன்றைப் போட்டுப் பார்த்து.

போலிகள் பெருகிவிட்டன, பெரிய பெயர்களுக்குத்தான் அதிகம். விலை பாதிக்கும் கீழே இருந்தால் காரணம் இருக்கிறது. போலி சரக்கு என்று தெரிந்தால் உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்யலாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்குக் கடைக்காரர் கையை விரித்தால் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம், மனுவுக்கு 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம். என்னைப் போல் பிழைப்புக்காக வண்டி ரிப்பேர் செய்ய வாங்குபவர் அந்தச் சட்டம் சொல்கிற பயனீட்டாளருக்குள் அடங்குவது சிரமம், நமக்கு டவுக்கேயோடு வைத்திருக்கிற உறவுதான் சட்டம்.

முதல் தடவை வாங்குகிறவர் என்றால் நான் சொல்வது இது: தைவான் 3/8 டிரைவ் 72 பல் ராட்செட் ஒன்று, அதற்கு 8இலிருந்து 19 வரை ஆறு முனை சாக்கெட், நீளமான சாக்கெட்டில் 10, 12, 14 மட்டும், கூட்டு ஸ்பேனர் (ஒரு முனை திறந்த வாய், மறுமுனை வளையம்) அதே அளவுகளில், வெஸெல் திருப்புளி இரண்டு, ஒரு நல்ல குறடு. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற கடையில், முகம் பழகிய கடையில். முதலில் ராட்செட்டைக் கையில் எடுத்து "இதற்கு ரிப்பேர் கிட் வைத்திருக்கிறீர்களா பாஸ்?" என்று கேளுங்கள், பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று கவனியுங்கள். மற்றதைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாக.

நான் இப்போது தேடுவது கோக்கென் ஸீல் 1/4 டிரைவ் சாக்கெட், 10 நம்பர் உட்பட. ஆர்டர் எடுத்து வரவழைப்பவர்கள் வேண்டாம், கிள்ளான் பள்ளத்தாக்கில் அலமாரியில் வைத்தே விற்கிற கடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.